அயன்மையின் ஊதியம்: ஆசியாவில் அயலக ஆங்கில ஆசிரியரின் வாழ்வும் பயணமும்

1. பொருள் வரையறை

ஆசியக் கரைகளுக்கு மேற்கிலிருந்து வந்தவர்களில் மாலுமி, வணிகர், பாதிரியார், படைவீரர் ஆகிய நால்வரைப் பற்றி வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. இந்நால்வருக்கும் பின்னால், கையில் ஒரு துண்டு சாக்பீஸோடு வந்து இறங்கிய ஐந்தாமவர் ஒருவர் உண்டு. அவரை 'அயலக ஆங்கில ஆசிரியர்' என்று இக்கட்டுரையில் வழங்குவோம்.

இத்தொடரால் நாம் குறிப்பது யாரை? மூன்று இயல்புகள் ஒருங்கே அமைந்தவரை. தாம் பிறந்து வளர்ந்த நாட்டுக்கு வெளியே வாழ்தல் முதலாவது. வாழும் நாட்டாரிடம் ஊதியம் பெற்று, காலவரை குறித்த ஒப்பந்தத்தின்பேரில் ஆங்கிலம் கற்பித்தல் இரண்டாவது. அயல்நாட்டவர் என்பதாலேயே அவ்வேலைக்கு அமர்த்தப்படுதல் மூன்றாவது. முதல் இரண்டும் வெளிப்படை. மூன்றாவதே நம் ஆய்வுக்கு அச்சாணி. அயல்நாட்டில் பணிபுரியும் மருத்துவர் தம் மருத்துவ அறிவுக்குச் சம்பளம் வாங்குகிறார்; எந்த ஊர்க்காரர் என்பது அங்கே உபரிச் செய்தி. ஆங்கில ஆசிரியருக்கோ எந்த ஊர்க்காரர் என்பதே சம்பளப் பட்டியலில் ஏறுகிறது.

இந்தப் பண்பை 'அயன்மை' என்று பெயரிடுவோம். ஓரிடத்தார் ஒருவரைத் தம்மவர் அல்லர் என்று காணும்போது அவர்மேல் ஏற்றும் மதிப்பே அயன்மை. அது காண்பவர் கண்ணில் உள்ளது. எனவே கூடும், குறையும், சில வேளைகளில் வேண்டுமென்றே புனையவும்படும். அயலக ஆசிரியர் அவ்வூரில் எவ்வளவு ஊன்றுகிறாரோ, அவ்வூராரைப் பற்றி எவ்வளவு அறிகிறாரோ, அவ்வளவுக்கு அவர் விலை இறங்குகிறது என்பது நம் கருதுகோள். அறிவு ஏற ஏற ஊதியம் இறங்கும் தொழில் வேறு உண்டா என்று தேடிப்பார்த்தோம்; எளிதில் அகப்படவில்லை.

மெய்ஜி காலத்து ஜப்பான் இத்தகையோருக்கு வைத்த பெயர் 'ஒயதோய் கைகொகுஜின்'. கூலிக்கு அமர்த்திய வெளிநாட்டார் என்று பொருள். சொல்லின் தலையில் நிற்கும் 'ஒ' மரியாதை முன்னொட்டு. அதை அடுத்து வருவது வாடகைக்கு எடுத்தலைக் குறிக்கும் சொல். நம் வழக்கில் சொன்னால் 'கூலிக்காரர் அவர்கள்'. உறவின் இரு முகமும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

2. வகைகள்

வகைப்படுத்தத் தொடங்கும்போதே ஒரு சங்கடம் எழுகிறது. ஜப்பானில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட முதல் ஆசிரியர் என்று போற்றப்படுபவர் நம் வரையறையின் இரண்டாம் உறுப்புக்குள் அடங்க மறுக்கிறார். ரேனல்ட் மக்டொனால்ட் 1824இல் ஆரிகன் பகுதியில் ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் சினூக் பழங்குடித் தாய்க்கும் பிறந்தவர். அயலார் நுழைந்தால் சிறை என்றிருந்த ஜப்பானுக்குள் 1848இல் தாமாகவே நுழைந்தார். திமிங்கில வேட்டைக் கப்பலிலிருந்து சிறுபடகொன்றில் தனியே இறங்கி, கப்பல் கவிழ்ந்து கரைசேர்ந்தவரைப்போல் நடித்து, வடகோடியில் உள்ள ரிஷிரி தீவை அடைந்தார். அங்கிருந்து நாகசாகிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கோயில் வளாகம் ஒன்றில் மரக்கிராதி போட்ட அறையில் அடைக்கப்பட்டார்.

அந்த அறைதான் பள்ளிக்கூடம். டச்சு மொழி அறிந்த அரசு மொழிபெயர்ப்பாளர் 14 பேர் அங்கே வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக ஆங்கிலத்தை வாய்விட்டு வாசிப்பார்கள். கைதி உச்சரிப்பைத் திருத்துவார். தமக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானியத்தில் பொருளும் சொல்வார். ஆங்கிலத்தின் 'ல' ஒலி அவர்கள் நாவில் 'ர' ஆகவே விழுந்தது. ல, ள, ழ மூன்றுக்காகவும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் நமக்கு அந்த அறையின் காட்சியைக் கற்பனை செய்வது கடினமன்று. ஏறத்தாழ ஏழு மாதம் இது நடந்தது. 1849இல் அமெரிக்கக் கப்பல் வந்து அவரை மீட்டுச் சென்றது. மாணவருள் ஒருவரான மொரியாமா எய்னொசுகே, சில ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியுடன் நடந்த பேச்சுவார்த்தையில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். ஆசிரியருக்குச் சம்பளம் இல்லை, சோறு உண்டு. ஒப்பந்தம் இல்லை, பூட்டு உண்டு. இவரைத் 'தளை ஆசிரியர்' என்று தனி வகையாக்கலாம். அந்த வகையில் இவர் ஒருவரையே நாம் அறிவோம். ஆயினும் மூன்றாம் உறுப்பு இவரிடம் முழுமையாக இருக்கிறது: நாகசாகி அதிகாரிகளுக்கு வேண்டியிருந்தது அவர் வாய்.

அடுத்தது 'அரண்மனை ஆசிரியர்'. சயாம் மன்னர் மோங்குட் தம் மக்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க 1862இல் அமர்த்திய அன்னா லியோனோவன்ஸ் இதற்கு எடுத்துக்காட்டு. அதற்குமுன் அரண்மனையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த பாதிரிமார் மனைவியர் பாடத்தோடு மதத்தையும் சேர்த்துப் புகட்டினர். மொழி மட்டும் போதும், மதமாற்றம் வேண்டாம் என்று மன்னர் நிபந்தனை விதித்தது அதனால்தான். கூலிக்கு வருபவர் போதிக்கமாட்டார் என்பது அவர் கணக்கு. ஐந்தாண்டு பணியாற்றி 1867இல் அன்னா வெளியேறினார். தாம் வேல்ஸில் 1834இல் பிறந்ததாக அவர் சொல்லிவந்தார். உண்மையில் பிறந்தது 1831இல், இந்தியாவின் அகமத்நகரில். குடும்பத்தில் இந்தியக் கலப்பும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இது வெளிப்பட்டது. அவரைப் பொய்யர் என்று கடிந்து முடிப்பதில் ஆய்வுக்குப் பயனில்லை. அகமத்நகரில் பிறந்த ஒருத்தியின் ஆங்கிலமும் வேல்ஸில் பிறந்த ஒருத்தியின் ஆங்கிலமும் ஒரே தரமாக இருந்தாலும் ஒரே விலைக்குப் போகா என்பதை அவர் அறிந்திருந்தார். அயன்மை புனையப்படும் என்று மேலே கூறியதற்கு இது சான்று.

குடியேற்ற அரசுப் பணியில் வந்தோர் எல்லைக்கோட்டில் நிற்கின்றனர். ஆன்டனி பர்ஜெஸ் 1954இல் மலாயாவின் கோலாகங்சார் மலாய்க் கல்லூரிக்கு வந்தது பிரித்தானிய அரசின் ஊழியராக. ஊதியம் தந்தவர் ஆளுவோர், கற்றவர் ஆளப்படுவோர். நம் இரண்டாம் உறுப்பு இங்கே பாதிதான் பொருந்துகிறது. ஆனால் அவர் மலாய் மொழியைத் தேர்வெழுதும் அளவுக்குக் கற்றதும், ஜாவி எழுத்தில் பழகியதும், மலாயா பற்றிய மூன்று நாவல்களை எழுதியதும் அவரை ஆட்சியர் கூட்டத்திலிருந்து விலக்கி நம் பக்கம் தள்ளுகின்றன. மூன்றாம் நாவலில் யாழ்ப்பாணத் தமிழர்கள் சிலர் பாத்திரங்களாகவே உலவுகிறார்கள்; கால்நடை மருத்துவர் வைத்திலிங்கம் அவர்களுள் ஒருவர்.

இன்று எண்ணிக்கையில் பெருகியிருப்பவை எஞ்சிய இரு வகைகள். அரசு நேரே அமர்த்தும் 'துணையாசிரியர்' ஒரு வகை. ஜப்பான் 1987இல் 4 நாடுகளிலிருந்து 848 பேரை அழைத்துத் தொடங்கிய ஜெட் திட்டம் இதற்குத் தலைமை. ஒப்பந்தம் ஓராண்டுக்கு; நீட்டித்தாலும் ஐந்தாண்டைத் தாண்டாது. 'கடைத்தெரு ஆசிரியர்' மற்றொன்று. ஜப்பானில் 'எய்கைவா', கொரியாவில் 'ஹாக்வோன்' என்று ரயில் நிலையத்துக்கு எதிரே மாடிகளில் இயங்கும் கட்டணப் பயிற்சிக் கூடங்களில் மாலை தொடங்கி இரவுவரை பாடம் நடத்துபவர் இவர்.

3. காரணங்கள்

வேண்டுவோர் பக்கக் காரணம், வருவோர் பக்கக் காரணம் என இதனை இரண்டாகப் பிரிக்கலாம்.

வேண்டுவோர் பக்கத்தில் முதலில் இருந்தது அச்சம். அயல்மொழி அறியாத நாடு ஒப்பந்தத்தில் ஏமாறும் என்பதை ஆசிய அரசுகள் பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே கற்றன. அச்சம் தணிந்தபின் அவ்விடத்தில் தேர்வு வந்து அமர்ந்தது. பள்ளி நுழைவு, கல்லூரி நுழைவு, வேலை நுழைவு என ஒவ்வொரு வாசலிலும் ஆங்கிலத் தாள் ஒன்று காத்திருக்கிறது. இலக்கணத்தை உள்ளூர் ஆசிரியரே செம்மையாகக் கற்பிப்பார். ஒலிக்குத்தான் வெளியாள். இவ்வாறு ஒலியின் மாதிரியாக அமர்த்தப்படுபவரை 'வாய்மாதிரி' எனலாம். ஜப்பானியப் பள்ளிகளில் துணையாசிரியர் பாடநூலின் ஒரு வரியை வாசிப்பார், நாற்பது பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள், மீண்டும் அடுத்த வரி. தங்களை நடமாடும் டேப் ரெக்கார்டர் என்று அவர்கள் நொந்துகொள்வது பழைய நகைச்சுவை. மக்டொனால்டின் கிராதி அறையிலிருந்து இந்த வகுப்பறைவரை தொழில்முறையில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

வாய்மாதிரி யார் என்பதைச் சட்டமும் முடிவு செய்கிறது. கொரியாவின் ஈ-2 விசா விதிப்படி ஆங்கிலம் பயிற்றுவிக்கத் தகுதியுடைய நாடுகள் ஏழு: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. பிள்ளைப் பருவத்திலிருந்து ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்த சிங்கப்பூர்க்காரர் பட்டியலில் இல்லை. அகமத்நகரை அன்னா ஏன் மறைத்தார் என்பதற்கு உரை எழுதியதுபோல் அமைந்திருக்கிறது இவ்விதி.

வருவோர் பக்கக் காரணங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அவை பெரும்பாலும் ஒன்றே: ஊரில் ஏதோ ஒரு கதவு சாத்தியிருக்கும். அன்னா கணவரை இழந்து இரு குழந்தைகளோடு நின்றவர். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் எம்ப்சனின் கேம்பிரிட்ஜ் ஆய்வுநல்கை, அறையில் கருத்தடைச் சாதனம் கிடைத்த குற்றத்துக்காக 1929இல் பறிக்கப்பட்டது. 1931இல் அவர் தோக்கியோவில் ஆசிரியர். லஃப்காடியோ ஹெர்ன் பத்திரிகை வேலையாக 1890இல் யோக்கோஹாமாவில் இறங்கி, இறங்கிய கையோடு பதிப்பகத்தாரிடம் சண்டையிட்டு, கையில் காசில்லாமல் ஆசிரியரானார். கற்பிக்கும் ஆர்வத்தால் கடல் கடந்தவர் எவரையும் இந்த வரிசையில் நாம் காணவில்லை. நல்ல ஆசிரியர்கள் சிலரை மட்டும் காண்கிறோம்.

4. நிலைகள்

அயலக ஆசிரியரின் தங்கல் மூன்று நிலைகளில் நகர்கிறது. முதல்நிலை 'வியப்பு'. கண் முன்னே செல்கிறது, மொழி பின்தங்குகிறது. இரண்டாம்நிலை 'கணக்கு'. வீட்டு வாடகை, ஒப்பந்த முடிவு, மீந்த மாதங்கள், ஊருக்கு அனுப்பிய பணம் ஆகியவற்றை எண்ணும் காலம். பெரும்பாலோர் இங்கேயே நின்று ஊர் திரும்புகின்றனர். மூன்றாம்நிலையைத் 'தலைமாற்றம்' என்போம்: கற்பிப்பவர் கற்பவராதல். இது எல்லோர்க்கும் வாய்ப்பதன்று.

தலைமாற்றத்தின் தொடக்கம் பெரும்பாலும் மானக்கேடாகவே இருக்கும். பீட்டர் ஹெஸ்லர் 1996 முதல் 1998 வரை யாங்சி ஆற்றங்கரையில் உள்ள ஃபூலிங் நகரின் ஆசிரியர் கல்லூரியில் அமெரிக்க அரசின் பீஸ் கோர் தொண்டராக ஆங்கில இலக்கியம் நடத்தினார். காலையில் ஷேக்ஸ்பியரை விளக்கும் அவர், சீன மொழிப் பாடத்துக்கு அமர்ந்தால் ஆசிரியை 'பூதுவே' என்பார். தவறு என்று பொருள். ஒரு சொல்லின் தொனி சற்றே பிசகினாலும் 'பூதுவே'. ஆறுதல் இல்லை, சுற்றிவளைத்தல் இல்லை. தம் வகுப்பில் பிழையை மெல்லத் திருத்திப் பழகியவருக்கு அந்தச் சொல் சுருக்கென்று குத்தியது. அந்தக் குத்தலிலிருந்தே அவர் ஊரைப் படிக்கத் தொடங்கினார் என்பது ஃபூலிங் பற்றிய அவர் நூலை ஊன்றி வாசிப்போர்க்குத் தெரியும்.

ஹெர்னிடம் இந்நிலை வேறு வடிவெடுத்தது. கிரேக்கத் தாய்க்கும் ஐரிஷ் தந்தைக்கும் லெஃப்காடா தீவில் 1850இல் பிறந்த அவர், பள்ளிப் பருவத்தில் இடக்கண் பார்வையை இழந்தவர், வலக்கண்ணும் கிட்டப்பார்வை. தாளைக் கண்ணருகே வைத்துக்கொள்வதற்காக வழக்கத்தைவிட உயரமான மேசை ஒன்றைச் செய்வித்து எழுதினார். 1890 ஆகஸ்ட் இறுதியில் மட்சுவே என்ற கோட்டை நகருக்கு வந்து, மாதம் 100 யென் சம்பளத்தில் நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் கற்பித்தார். மறு ஆண்டு கொய்சுமி செட்சு என்ற சாமுராய்க் குடும்பப் பெண்ணோடு வாழத் தொடங்கினார்.

அவர்கள் இருவரும் பேசியது ஒரு தனி மொழி. வேற்றுமை உருபு இல்லை. வினைக்கு விகுதி இல்லை. ஜப்பானியச் சொற்கள் ஆங்கில வரிசையில் நின்றன. 'ஹெர்ன் மொழி' என்றே அதற்குப் பெயர் ஏற்பட்டது. தமிழில் 'நான் நாளை போ பள்ளி' என்பது போன்றது என்று கொள்ளலாம். இந்த முடமொழியில்தான் செட்சு இரவில் விளக்கைத் தணித்துவைத்துப் பேய்க்கதைகள் சொன்னார். புத்தகத்தைப் பார்த்து வாசிக்க ஹெர்ன் விடமாட்டார். கதையை உள்வாங்கி, தம் சொல்லில் தாமே சொல்ல வேண்டும். பகலில் நடுநிலைப் பள்ளியில் அவர் பிள்ளைகளிடம் எதிர்பார்த்ததும் அதுதான்: மனப்பாடக் கட்டுரை வேண்டாம், உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள். 1904இல் வெளிவந்த 'குவைதான்' என்னும் பேய்க்கதை நூல் இந்த இரவுப் பள்ளியின் விளைச்சல். ஆங்கில ஆசிரியர் வீட்டில் ஆங்கிலமும் நடந்தது. அவர் சொன்ன சொற்களைச் செட்சு காதில் விழுந்தபடியே கதகனா எழுத்தில் குறித்துவைத்த சிறு ஏடு மட்சுவேயில் இன்றும் இருக்கிறது. இருவரில் யார் ஆசிரியர், யார் மாணவர் என்று பிரிப்பது அந்த வீட்டைப் பொறுத்தவரை வீண்வேலை.

5. பயணத்தின் இயல்பு

இவர்கள் பயணத்தைச் சுற்றுலாப் பயணத்தோடு சேர்த்தெண்ணுவது பிழை. சுற்றுலாப் பயணி வீட்டிலிருந்து புறப்பட்டு வீடு திரும்புகிறார். அயலக ஆசிரியர் புறப்படும் இடமே அயலூர். அவர் பயணத்தைப் பள்ளி நாட்காட்டி அளக்கிறது. பருவ விடுமுறை நீளம் எவ்வளவோ அவ்வளவே அவருடைய ஆசியா. இதனை 'உறைவுப் பயணம்' எனலாம். 1892இல் ஹெர்ன் ஓக்கி தீவுகளுக்குச் சென்றது கோடை விடுமுறையில்.

உறைவுப் பயணத்தின் இழிந்த வடிவம் விசாவுக்காக எல்லை தொடும் ஓட்டம். தாய்லாந்தில் உரிய அனுமதியின்றிக் கற்பித்துவந்தோர் பலர் விடியலில் பாங்காக்கிலிருந்து வேனில் ஏறி, கம்போடிய எல்லையில் உள்ள போய்ப்பெட்டில் இறங்கி, ஒரு முத்திரை வெளியேற, ஒரு முத்திரை நுழைய, மாலைக்குள் திரும்பினர். நாடு ஒன்றைத் தொட்டுவிட்டதாகக் கடவுச்சீட்டு சொல்லும். கண்டது வரிசையும் வெயிலும்.

உயர்ந்த வடிவத்துக்கு எம்ப்சன் சான்று. தோக்கியோவில் 1934வரை கற்பித்த ஆண்டுகளில் கிடைத்த விடுமுறைகளையெல்லாம் புத்தர் சிலைகளைத் தேடியே செலவிட்டார். நாராவில் தொடங்கி கொரியா, சீனா, பர்மா, இந்தியா, இலங்கையின் அனுராதபுரம் என அலைந்தார். அவர் கண்டது ஒரு நுட்பம்: புத்தர் முகத்தின் இட வலப் பாதிகள் ஒன்றல்ல, ஒரு பாதி உள்ளடங்கியிருக்க, மறுபாதி உலகை நோக்கியிருக்கிறது. இதை நிறுவ, ஒரே முகத்தின் இடப் பாதியை இரட்டித்து ஒரு படமும் வலப் பாதியை இரட்டித்து ஒரு படமுமாக ஒட்டிப்பார்த்தார். இரு வேறு ஆட்கள் வெளிப்பட்டனர். இதைப் பற்றி அவர் எழுதிய நூலின் கைப்படி 1940களில் காணாமற்போய், நெடுங்காலத்துக்குப் பின் கண்டெடுக்கப்பட்டு 2016இல்தான் அச்சேறியது. முகத்தை நெருங்கி நின்று பார்க்கும் பொறுமை, வகுப்பறையில் ஒரு வரியை நாற்பது முறை கேட்டுப் பழகியதால் வந்ததோ என்று நமக்கு ஓர் ஐயம். நிறுவ இயலாது, விட்டுவிடுவோம்.

அவருடைய இரண்டாம் பயணம் விடுமுறைப் பயணம் அன்று. 1937இல் பீக்கிங் பல்கலைக்கழகப் பணிக்கு வந்தபோது போர் மூண்டது. பல்கலைக்கழகமே இடம்பெயர்ந்தது. ஹூனானின் நான்யூ மலையில் வகுப்புகள் நடந்தன, நூலகம் பின்தங்கிவிட்டது. பாடம் நடத்தவேண்டிய கவிதைகளை எம்ப்சன் நினைவிலிருந்து எழுதிக்கொடுத்தார். பிறகு கல்லூரி யுன்னானுக்கு நகர, அவரும் உடன் சென்றார். வாய்மாதிரியாக அமர்த்தப்பட்டவர் அங்கே நூலகமாகவும் ஆகிப்போனார்.

6. தேய்வு

கருதுகோளை இனி ஊதியக் கணக்கில் வைத்துச் சோதிப்போம். ஹெர்ன் மட்சுவேயில் 100 யென் பெற்றார். குளிர் தாங்காமல் 1891 நவம்பரில் குமமோத்தோவின் ஐந்தாம் உயர்நிலைப் பள்ளிக்கு மாறியபோது 200. இடையில் கோபேயில் பத்திரிகைப் பணி. 1896 செப்டம்பரில் தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் 400. ஏறுமுகம்தான். ஆனால் அதே 1896இல் அவர் ஜப்பானியக் குடியுரிமை பெற்று, மனைவியின் குடும்பப் பெயரை ஏற்று, கொய்சுமி யகுமோ ஆகியிருந்தார். மனைவி மக்களின் குடியுரிமைக்கும் சொத்துரிமைக்கும் வேறு வழி இல்லாததால் எடுத்த முடிவு அது. சட்டப்படி அவர் இனி அயலவர் அல்லர். ஆயினும் அயலவர் ஊதியம் தொடர்ந்தது. இலக்கியக் கல்லூரித் தலைவர் தொயாமா மசகாசுவின் ஆதரவு அதற்குக் காவல். தொயாமா 1900இல் இறந்தார்.

1903 தொடக்கத்தில் ஒப்பந்தம் மார்ச்சுக்குமேல் நீளாது என்று கடிதம் வந்தது. காரணம் எது என்பதில் இரு கட்சி உண்டு. ஜப்பானியக் குடிமகனுக்கு அயலவர் சம்பளம் எதற்கு என்ற கேள்வியே காரணம் என்பது ஹெர்ன் தரப்பு. அயலகப் பேராசிரியர்களின் இடத்தில் வெளிநாடு சென்று படித்து வந்த உள்நாட்டாரை அமர்த்துவது அரசின் பொதுக்கொள்கை என்பது மறுதரப்பு. பொதுக்கொள்கை இருந்தது உண்மை. லண்டனில் ஈராண்டு பயின்று திரும்பிய நட்சுமே சோசெகி அதன்படி அவ்விடத்துக்கு வந்தார். ஆனால் ஹெர்னின் பணியைப் பகிர்ந்துகொண்ட மூவரில் சோசெகியும் உவேதா பின்னும் ஜப்பானியர். மூன்றாமவர் ஆர்தர் லாய்ட் என்ற ஆங்கிலேயர். அயலவர் முற்றிலும் வேண்டாம் என்பதே கொள்கையானால் லாய்டுக்கு அங்கே இடம் இருந்திராது. வெளியேற்றப்பட்டவர் ஊர்ப்பட்டுவிட்ட அயலவர். அமர்த்தப்பட்டவர் ஊர்ப்படாத அயலவர். எனவே முதற்கட்சியே வலிது என்று கொள்கிறோம்.

மாணவர்கள் கிளர்ந்தனர். பல்கலைக்கழகம் இறங்கிவந்து, குறைந்த நேரம், குறைந்த ஊதியம் என்று பேசியது. ஹெர்ன் மறுத்துவிட்டார். சோசெகிக்கு அங்கே கிடைத்தது ஆண்டுக்கு 800 யென். வகுப்பு நேரம் குறைவு என்பதைக் கழித்துப் பார்த்தாலும், முன்னவர் இரண்டு மாதத்தில் வாங்கிய தொகை அது. ஹெர்னின் விரிவுரையில் திளைத்த மாணவர்கள் 'சைலஸ் மார்னர்' நாவலை வரிவரியாக வாசிக்கச் சொன்ன புதியவரை முகம்சுளித்தே ஏற்றனர். சோசெகியும் 1907இல் வேலையை உதறிவிட்டு அசாஹி நாளிதழில் சேர்ந்து முழுநேர எழுத்தாளரானார்.

ஹெர்ன் 1904இல் வசேதா பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கி, அவ்வாண்டு செப்டம்பர் 26இல் இறந்தார். தோக்கியோவின் சோஷிகயா இடுகாட்டில் அவர் கல் இருக்கிறது. லஃப்காடியோ ஹெர்ன் என்று தேடினால் கிடைக்காது. செதுக்கியிருப்பது கொய்சுமி யகுமோ என்னும் பெயர், ஜப்பானிய எழுத்தில். 1916இல் சோசெகியும் அதே இடுகாட்டுக்கு வந்து சேர்ந்தார்.